குமாஸ்தாவும் கம்ப்யூட்டரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





எனக்கு முன் இம்மேடையில் இலக்கியத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் கற்றறிந்தவர்கள் பேசினார்கள். நான் புலவனும் அல்லன். பொறியியல் வல்லுநனும் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக முன்பதிவு ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன். வெளியே நிற்பவர்கள் என்னைக் கம்ப்யூட்டரின் பிரதிநிதியாகக் கருதுகிறார்கள். கம்ப்யூட்டரோ என்னை வெளியே நிற்பவர்களின் பிரதிநிதியாகக் கருதுகிறது போலும். இரு தரப்பாரிடமும் வசவு வாங்கும் பேறு பெற்றவன் என்னும் ஒரே தகுதியைக் கொண்டு, இத்தலைப்பில் சில வார்த்தைகள் சொல்லத் துணிகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். முடிவில் ஒரு வேண்டுகோள் வைக்க இருக்கிறேன். அதை மட்டும் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குமாஸ்தாவுக்கும் யந்திரத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. ரயில் வண்டி தோன்றிய புதிதில் பிரயாணச் சீட்டைக் கையால் எழுதித்தான் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் நியூகாசில் – கார்லைல் ரயில் பாதையில் ஒரு சிறு நிலையத்தில் பணியாற்றிய தாமஸ் எட்மண்ட்சன் என்பவர், அந்த எழுத்து வேலையின் தொல்லை பொறுக்கமாட்டாமல், 1830களின் பிற்பகுதியில், முன்கூட்டியே அச்சிட்டு வரிசை எண் இட்ட அட்டைச் சீட்டைக் கொண்டுவந்தார். அதில் தேதி பொறிக்கும் ஒரு யந்திரத்தையும் அமைத்தார். நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் கையில் வைத்துப் பார்த்த அந்தக் கெட்டி அட்டைச் சீட்டு அவர் தந்ததே. ‘டக்’கென்ற ஓசையோடு அதில் தேதி விழும். அந்த யந்திரம் முரண்டு பிடித்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு தட்டுத் தட்டுவார்கள், வழிக்கு வந்துவிடும். அதற்கு வந்த நோய் கண்ணுக்குத் தெரிந்த நோய்.

முன்பதிவு வேலையோ பெரிய பெரிய லெட்ஜர்களில் நடந்தது. வேறோர் ஊரிலிருந்து திரும்பி வருவதற்கு இடம் வேண்டுமானால் அந்த ஊருக்குத் தந்தி அடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டு டில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. மறு ஆண்டு, ரயில்வேயின் கம்ப்யூட்டர் பணிகளுக்கென்றே ‘கிரிஸ்’ என்னும் ஸ்தாபனம் அமைந்தது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999ஆம் ஆண்டில் ஒரே வலையாகப் பிணைக்கப்பட்டன. 2002ஆம் ஆண்டு முதல் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் சீட்டு வாங்கலாம் என்றாயிற்று. ஆகவே, கம்ப்யூட்டரைப் பற்றி நான் இப்பொழுது குறை சொல்லப்போகிறேன் என்றாலும், அதற்குச் செலுத்த வேண்டிய நன்றியை முதலில் செலுத்திவிடுகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற நாம், சென்னை வரைக்கும், அங்கிருந்து திருநெல்வேலிக்கும், திரும்பி வருவதற்கும் இங்கேயே ஒரே ஜன்னலில் சீட்டு வாங்கிக்கொள்கிறோம். ஊரை விட்டு வந்து குடியேறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால், லெட்ஜர் ஒருபொழுதும் “சற்றுப் பொறுங்கள்” என்று சொன்னதில்லை. கம்ப்யூட்டர் சொல்லும். அதிலும் காலை பத்து மணிக்குத்தான் சொல்லும். பத்து மணிக்குக் குளிர்சாதன வகுப்புக்கும், பதினொரு மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் தட்கால் முன்பதிவு திறக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த விநாடியில் இந்தியா முழுவதும் உள்ள ஜன்னல்களும், எண்ணற்றவர் கையிலுள்ள தொலைபேசிகளும் ஒரே கதவைத் தட்டுகின்றன. திருவிழாக் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைய முயன்றால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகிறது. வரிசையில் முதல்வராக நிற்பவர் அதிகாலையிலேயே வந்து காத்திருப்பவர். அவருக்கு முன்னே இருப்பது யந்திரம் அன்று, நான்தான். “சீக்கிரம் தட்டுங்கள் ஐயா, விரலில் என்ன சுளுக்கா?” என்று கேட்பார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால், எய்தவன் எங்கோ இருக்கிறான். அம்பு ஜன்னலுக்குள் அகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவரும் என்ன செய்வார்?

அடுத்தது அச்சிடும் யந்திரம். முன்பதிவுச் சீட்டு அச்சாகும் தாளின் இரு ஓரங்களிலும் சிறு துளைகள் இருக்கும். யந்திரத்தின் பற்கள் அந்தத் துளைகளில் பொருந்தித் தாளை நகர்த்தும். ஒரு துளை தப்பினால் போதும். தகப்பனார் பெயர் ஒரு சீட்டிலும், அவருடைய வயது அடுத்த சீட்டிலும் விழும். தாள் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வீணான தாளுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். நான் அந்தக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்பொழுது வெளியே இருப்பவர், “பாருங்கள், வேலை நேரத்தில் சொந்தக் கணக்கு எழுதுகிறார்” என்று பின்னால் இருப்பவரிடம் சொல்லுவார்.

இன்னொன்று ‘லிங்க் இல்லை’ என்னும் மகா மந்திரம். இந்த வார்த்தையைக் கேட்டவுடன், குமாஸ்தா தேநீர் அருந்தப் போவதற்காகக் கண்டுபிடித்த சாக்கு என்றே பலரும் முடிவு செய்கிறார்கள். உண்மை என்னவென்றால், நம் ஜன்னலிலுள்ள கம்ப்யூட்டரில் காலி இடங்களின் கணக்குக் கிடையாது. அந்தக் கணக்கு நெடுந்தொலைவில் ஒரு மையத்தில் இருக்கிறது. அதற்கும் நமக்கும் இடையே பூமிக்கடியில் தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகளின் வழியாக ஒளியாகச் செய்தி ஓடுகிறது. வழியில் யாரோ ஒருவர் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி அந்த இழையை அறுத்துவிட்டால், நாங்கள் இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பள்ளம் தோண்டியவருக்கு எங்கள் வரிசை தெரியாது. வரிசையில் நிற்பவர்களுக்குப் பள்ளம் தெரியாது.

இந்தப் பெரிய விஞ்ஞானத்தில் பூச்சிக்கும் இடம் உண்டு என்றால் நம்புவீர்களா? கம்ப்யூட்டர் பிழையை ஆங்கிலத்தில் பூச்சி என்றே சொல்லுகிறார்கள். யந்திரக் கோளாறுக்கு இப்பெயர் எடிசன் காலத்திலேயே வழங்கியதுதான். எனினும் 1947ஆம் ஆண்டு செப்டம்பரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் கம்ப்யூட்டர் இடக்குப் பண்ணியபொழுது திறந்து பார்த்தார்கள். உள்ளே உண்மையாகவே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டிருந்தது. அதை எடுத்து நாட்குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். இன்றோ, கோளாறு என்று வந்தால் திறந்து பார்த்துப் பூச்சியைப் பிடித்துக் காட்ட முடிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நோயாக இருப்பதால்தான் கோபம் கண்ணுக்குத் தெரிகிற மனிதன் மேல் பாய்கிறது.

சரி, அலுவலகத்தோடு இது முடிந்ததா என்றால், இல்லை. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் என்பது நம் காலனி முழுவதற்கும் தெரியும். ஆகையால் கம்ப்யூட்டர், தொலைபேசி, தொலைக்காட்சிப் பெட்டி, சமயத்தில் மிக்ஸி உட்பட எதுவாயினும் அதன் வைத்தியன் நான்தான் என்று தீர்மானமாகிவிட்டது. ரயில் ஓட்டுகிறவரிடம் சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுப்பது போன்றதுதான் இது. ஆனாலும் அயலூரில் நமக்கு நாமே உறவு. அண்ணா என்றும் தம்பி என்றும் அழைத்து வருபவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது?

வருபவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் எப்பொழுதும் ஒன்றே: “நான் ஒன்றும் செய்யவில்லை, அது தானாகவே இப்படி ஆகிவிட்டது.” “திரையில் ஏதாவது எழுதிக் காட்டியதா?” என்று கேட்டால், “ஏதோ வந்தது, மூடிவிட்டேன்” என்பார்கள். வைத்தியரிடம் போகிறவர், “எங்கேயோ வலித்தது; இப்பொழுது மறந்துவிட்டது” என்று சொன்னால் வைத்தியர் என்ன மருந்து தருவார்? ஆகவே அன்பர்களே, மூன்று விஷயங்களைக் கவனித்துச் சொல்லுங்கள்: நீங்கள் கடைசியாக எதைத் தொட்டீர்கள், திரையில் என்ன வார்த்தைகள் வந்தன, எப்பொழுதிலிருந்து இப்படி இருக்கிறது. இம்மூன்றும் தெரிந்தால் பாதி நோய் தீர்ந்தது.

மீதிப் பாதியை, அணைத்துவிட்டு மறுபடியும் போடுவது தீர்க்கும். இதை நான் சொல்லும்பொழுது, “இதற்கா உம்மைத் தேடி வந்தோம்?” என்று முகம் சுளிக்கிறார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். யந்திரத்துக்கு இருவகை ஞாபகம் உண்டு. ஒன்று பெட்டிக்குள் பூட்டி வைத்தது போல நிலையானது. மின்சாரம் போனாலும் போகாது. மற்றொன்று கரும்பலகையில் எழுதியது போலத் தற்காலிகமானது. காலை முதல் பல வேலைகளைச் செய்யும்பொழுது இந்தப் பலகையில் ஏதோ ஓரிடத்தில் கணக்குப் பிசகி, மேற்கொண்டு எழுத இடமில்லாமல் திகைத்து நிற்கும். அணைத்துப் போட்டால் பலகை துடைக்கப்பட்டு, முதலிலிருந்து ஒழுங்காகத் தொடங்குகிறது. மனிதர்களாகிய நாமும் இரவில் தூங்கி எழுந்தால் தெளிவடைகிறோம் அல்லவா?

துடைத்தாலும் தீராத தொல்லை ஒன்று உண்டு. அது நம் பெயர். தமிழர்களாகிய நமக்கு முன்னால் தலைப்பெழுத்தும் பின்னால் பெயரும் உண்டு. யந்திரமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டுகிறது. பான் அட்டை விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் வெறும் தலைப்பெழுத்தை ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே அங்கே தகப்பனார் பெயரை எழுதுகிறோம். கந்தசாமி மகன் வேலு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலு கந்தசாமி என்று பதிவாகிறது. பிறகு வடநாட்டு அலுவலகங்களில் ‘மிஸ்டர் கந்தசாமி’ என்று அழைக்கிறார்கள். கந்தசாமியார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்; மகன் எழுந்து ‘ஆஜர்’ சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்குள் ஆதாரில் க. வேலு என்றும், வங்கியில் வேலு க. என்றும் இருக்கும். ஒரே மனிதர், யந்திரத்தின் கண்ணுக்கு மூவர். மூவரும் ஒருவரே என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஆகவே புதிதாகப் பிறக்கும் குழந்தைகளின் பெற்றோர்களுக்குச் சொல்லுகிறேன்: பிறப்புச் சான்றிதழில் எப்படி எழுதுகிறீர்களோ, அதே எழுத்தில் அதே வரிசையில் எல்லா இடங்களிலும் எழுதுங்கள். குழந்தைக்கு நீங்கள் சேர்த்து வைக்கும் சொத்துகளில் இதுவும் ஒன்று.

நகைச்சுவை இதுவரை. இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் காலனியில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். பென்ஷன் வாங்குகிறவர் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் தாம் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க வேண்டும். எண்பது வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே தெரிவிக்கலாம். இதற்கு ‘ஜீவன் பிரமாண்’ என்னும் கம்ப்யூட்டர் முறை 2014ஆம் ஆண்டில் வந்தது. விரலை வைத்தால் யந்திரம் ஆளை அறிந்துகொள்ளும். ஆனால், ஆயுள் முழுவதும் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை தெளிவாக இருப்பதில்லை. உயிரோடு எதிரே நின்று, “நான்தான் அப்பா” என்று சொல்லுகிறவரைப் பார்த்து யந்திரம், “பொருந்தவில்லை” என்கிறது. அந்தச் சமயத்தில் அந்த முகங்களில் வருகிற வாட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். முகத்தைக் காட்டியே பதிவு செய்யும் வசதி 2021ஆம் ஆண்டில் வந்தபிறகு இத்துன்பம் ஓரளவு குறைந்திருக்கிறது.

சில காலத்துக்கு முன், நமக்கெல்லாம் வேண்டியவரான ஒரு பெரியவருக்குத் தொலைபேசியில் ஒரு குரல் வந்தது. அவர் பெயரையோ வீட்டையோ சொல்லுவது முறையன்று. “உங்கள் உயிர்ச் சான்று பதிவாகவில்லை, நாளை முதல் பென்ஷன் நின்றுவிடும், கவலை வேண்டாம், நான் உதவி செய்கிறேன்” என்று அந்தக் குரல் சொல்லியது. பெரியவர் நடுங்கிவிட்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்த ஆள் பேசினான். எங்கே தொட வேண்டும், எதைப் படிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பெரியவருக்குக் கண் மங்கல், படிக்க நேரமாகும். அவன் அவசரப்படவே இல்லை. “மெதுவாகப் படியுங்கள் ஐயா” என்றான். அவன் சொற்படி தொலைபேசியில் ஏதோ ஒன்றை ஏற்றிக்கொண்டார். அதன் வழியாக அவருடைய திரை முழுவதும் அவனுக்குத் தெரிந்தது. கடைசியில் வந்த ஓ.டி.பி. எண்ணையும் படித்துக் காட்டினார். அந்த ஆறு இலக்கத்தோடு அவருடைய பல மாதப் பென்ஷன் பணம் போய்விட்டது.

செய்தி தெரிந்ததும் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தோம். ஒரு பகுதி போகிற வழியிலேயே நிறுத்தப்பட்டது. பெரும் பகுதி போனது போனதுதான். அன்றிரவு நாங்கள் சிலர் அவரோடு உட்கார்ந்திருந்தோம். “இத்தனை பேர் பக்கத்தில் இருக்கிறோமே, எங்களில் ஒருவரைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?” என்று ஒருவர் கேட்டார். பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “எத்தனை தடவைதான் கேட்பது? வீட்டில் கேட்டால், இதைப் போன மாதமே சொன்னேனே என்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே கூச்சமாகிவிட்டது. அவன் ஒருவன்தான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான்” என்றார்.

அன்பர்களே, அந்த வார்த்தையை நீங்கள் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். திருடன் அந்த வீட்டுக்குள் நுழைந்தது கம்ப்யூட்டர் சாமர்த்தியத்தினால் அன்று, பொறுமையினால். பெற்ற பிள்ளைகளிடத்திலும் பேரப்பிள்ளைகளிடத்திலும் கிடைக்காத பொறுமை ஒரு திருடனிடத்தில் கிடைத்தது. நம் குழந்தைகள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் தொலைபேசியைத் தாத்தா கையிலிருந்து வாங்கி, கண் இமைக்கும் நேரத்தில் நாலு இடத்தில் தட்டி, “ஆயிற்று தாத்தா” என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் அன்புதான். ஆனால், அதனால் தாத்தா எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மறுமுறை கேட்கும்பொழுது ஒரு பெருமூச்சு, அதற்கும் அடுத்தமுறை, “இதுகூடவா தெரியாது?” என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வி ஒரு வாயை நிரந்தரமாக மூடிவிடுகிறது. மூடிய வாய் பிறகு அந்நியனிடம் திறக்கிறது.

இந்தப் பெரியவர்கள் யார்? மொழி தெரியாத ஊருக்குத் தகரப் பெட்டியோடு வந்து இறங்கி, கடைக்காரரிடம் கையைக் காட்டிக் காட்டி உப்பும் புளியும் வாங்கி, ஒவ்வொரு சொல்லாக இந்தியைக் கற்று, நமக்கு இங்கே ஒரு வாழ்வை அமைத்தவர்கள். அன்று அவர்கள் தப்பும் தவறுமாகப் பேசியபொழுது, அண்டை வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டு, திருத்திச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இன்று வந்திருப்பது இன்னுமொரு புதிய ஊர். அதன் மொழி நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. அவ்வளவே.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு மணி நேரம், நம் சங்கத்தின் கூடத்தை இதற்காகத் திறந்து வைக்கவேண்டும். பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் நம் பிள்ளைகள் ஆளுக்கொரு பெரியவர் பக்கத்தில் உட்காரட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சில விதிகளும் வேண்டும். தொலைபேசி பெரியவரின் கையில்தான் இருக்கவேண்டும். பிள்ளை வாயால் சொல்லட்டும், பெரியவர் விரலால் தொடட்டும். ஒவ்வொரு படியையும் பெரியவர் தம் கையாலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதிக்கொள்ளட்டும். ஒன்றையே பத்து முறை கேட்டாலும் முதல் முறை போலவே பதில் சொல்லவேண்டும். ‘இதுகூடவா’ என்னும் சொல் அந்தக் கூடத்துக்குள் வரக்கூடாது.

பெரியவர்களும் மூன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓ.டி.பி. என்பது வீட்டுச் சாவி. கேட்பவர் எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும் தொலைபேசியில் கொடுக்கக்கூடாது. எவராவது பயமுறுத்தி, இப்பொழுதே செய் என்று அவசரப்படுத்தினாலும், கனிவாகப் பேசிக்கொண்டே எதையாவது ஏற்றிக்கொள்ளச் சொன்னாலும், உடனே வைத்துவிட்டு அண்டை வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். மோசம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930க்குச் சொல்லவேண்டும். பணம் கைமாறிக் கைமாறி ஓடுவதற்குள் சொன்னால்தான் பிடிக்க முடியும். அந்த எண்ணைச் சமையலறை நாட்காட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நலம்.

கம்ப்யூட்டர் இனியும் கெடும். லிங்க் இனியும் போகும். தாள் இனியும் சிக்கிக்கொள்ளும். இவற்றை எல்லாம் மாற்ற ஒரு குமாஸ்தாவால் ஆகாது. கம்ப்யூட்டருக்கு முன்னால் திகைத்து நிற்கும் ஒரு மனிதரிடம் நாம் எந்தக் குரலில் பேசுகிறோம் என்பதை மட்டும் நாமே மாற்றிக்கொள்ள முடியும். அது ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்க்கும் பொருந்தும். வெளியே நிற்பவர்க்கும் பொருந்தும்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே இதைத் தொடங்கலாம் என்று செயலாளர் அவர்கள் அன்போடு இசைந்திருக்கிறார்கள். பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகள் விழா முடிந்ததும் என்னிடம் வரலாம். பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து, “இடம் உறுதியாயிற்றா, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்க விரும்பும் பெரியவர்கள் தயவுசெய்து அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டும். வரிசையில் நிற்க நம்மவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.